ஜாக்கிரதைக்காரர் பூட்டிய பேட்டரி

மனிதர்களில் ஜாக்கிரதைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எச்சரிக்கையாக நடந்துகொள்கிற மனிதரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வேறு, அவர் வாயே திறக்கமாட்டார், பார்த்துக் கால் வைத்துத் தன் வழியே போய்க்கொண்டிருப்பார். ஜாக்கிரதைக்காரர் என்பவர் மற்றவர்களை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறவர். தெருவில் வாழைப்பழத் தோல் கிடக்கிறதா? குனிந்து எடுத்து ஓரமாகப் போட மாட்டார். அதன் பக்கத்திலேயே அரைமணி நேரம் காவல் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் "தோலு கீது, பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். தோலை எடுத்துவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன வேலை?

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக்கு வந்தால் சௌக்கியமா என்று கேட்க மாட்டார், அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேன் கொக்கிய எப்ப செக் பண்ணீங்க?" என்பார். அதுவரை நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன் பந்தலில் தொங்கும் ஒயரைப் பார்ப்பார். ரயிலில் ஏறினால் "கதவாண்ட நிக்காதீங்க, கதவாண்ட நிக்காதீங்க" என்று பெங்களூர் வரும்வரை ஓயமாட்டார். எங்கே நின்றுகொண்டு சொல்வார்? கதவருகே நின்றுகொண்டுதான்.

யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருத்தம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வருத்தத்துக்குக் கீழே, பரீட்சையில் தான் எழுதிய விடை சரிதான் என்று தெரிந்துகொண்டவனின் திருப்தி ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறவரிடம் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுப்பார், கொடுத்த கையோடு, "ஈரச் செருப்போட படி எறங்காதன்னு சொன்னேனா இல்லியா?" என்று கேட்பார். பாவம், அவர் ஆமாம் என்று தலையாட்டும்வரை நகரமாட்டார்.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில், பழைய சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் ஏனோக் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி. வயது ஐம்பத்தைந்து. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ஏழு மணிக்கு மேல் திரும்புகிறவர். அந்தத் தொழிற்சாலையில் பத்து வருடத்துக்கு முன் ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஒரே ஒரு நாள்தான். மத்தியானச் சாப்பாட்டோடு சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் ஏனோக். அன்றைக்குப் பிடித்தது லைனுக்குச் சனி.

அவர் மனைவி பியூலா. இருபத்தாறு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறாள். ஆகவே இந்த இனத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. "சூடா கீது, ஊதிக் குடி" என்பதை அவள் காலைக் காப்பியோடும், "பாத்து வெட்டு, விரலு" என்பதை ராத்திரிக் காய்கறியோடும் கேட்டுப் பழகியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது அவர் தெருவுக்குத் தெரு ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்திப் புத்தி சொல்லுவார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பாட்டு முடிந்துதான் உள்ளே போவார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. மனுஷர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சொல்லத்தான் செய்கிறார், சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அவர்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பியூலா வீட்டிலேயே தையல் தைக்கிறாள். முன்னறையில் மோட்டார் வைத்த மிஷின். காற்று பலமாக அடித்தாலே கரண்டு போய்விடும் இடம் அது. பாதி பிளவுஸில் மிஷின் நின்று நின்று அவளுக்கு வெறுத்துப்போனது. அதற்காகத்தான் சோலார் வாங்கினார்கள். கூரைமேல் தகடுகள், சுவரில் சார்ஜ் கன்ட்ரோலர், கீழே தவலை கனத்தில் இரண்டு பேட்டரிகள். பக்கத்துப் பேட்டையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர் விநாயக் என்கிற எலக்ட்ரீஷியன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழும் நன்றாகவே வரும். பின்பக்கக் கொட்டகையில், காற்று வாங்குகிற இடமாகப் பார்த்து பேட்டரிகளை வைத்துவிட்டுப் போனார்.

ஏனோக் ராத்திரி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இன்னா வேல செஞ்சிட்டுப் போயிகிறான்? தூசி வராதா? பல்லி வராதா? பூனை ஏறிச்சின்னா?"

தூசி என்று அவர் சொன்னதில் தப்பில்லை. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சைனைட் மண் அங்கே மலை மலையாக நிற்கிறது. ஆடிக் காற்றில் அந்த வெள்ளைத் தூள் பறந்து வந்து சோற்றுப் பானைவரை இறங்கும். கோலார் தங்கவயலில் பிறந்த யாருக்கும் காற்று என்றாலே முதலில் கை ஜன்னலை மூடத்தான் போகும். ஏனோக்கின் கை ஜன்னலோடு நிற்கவில்லை. முன்னறையில் பியூலா துணி வைத்திருந்த இடுப்புயர மர அலமாரியைக் காலி செய்தார். பேட்டரிகளை மனோகர், தசரதன் என்று அக்கம்பக்கத்தில் நாலு பேரை வைத்துத் தூக்கி அதற்குள் இறக்கினார். கதவு விளிம்பு முழுக்க ரப்பர் ஒட்டினார். பேட்டரியின் மேலே இருக்கிற மூடிகளின் சின்ன ஓட்டைகளில் தூசி போகுமே என்று ஒவ்வொன்றின்மேலும் டேப் சுற்றினார். விநாயக் கொடுத்துவிட்டுப் போன கையேட்டை, கிழிந்துவிடக் கூடாதென்று லேமினேட் செய்துகொண்டு வந்தார். அதை எங்கே வைப்பது? பத்திரமான இடத்தில். அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டி, சாவியைத் தன் அடையாள அட்டைக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். கடைசியாக கன்ட்ரோலரில் ஏதோ பொத்தான்களை அழுத்தி, பேட்டரிக்கு எவ்வளவு கரண்டு ஏற வேண்டும் என்கிற நம்பரைக் கூட்டி வைத்தார்.

"முழுசா ஏறினாதான் பேட்டரிக்கு நல்லது. அரைகுறையா வுட்டா கெட்டுப்பூடும்."

அலமாரியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்: 'அபாயம். பாதுகாப்பு முதலில்.' அபாயம் என்ன என்று எழுதவில்லை. அது அவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் பியூலாவுக்கு அழுகின முட்டை நாற்றம் வந்தது. வீட்டிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். எல்லாம் நல்ல முட்டை. அன்றைக்கு ராத்திரி ஏனோக்கின் தட்டில் ஏழு முட்டை ஆம்லெட் விழுந்தது. மறுநாளும் நாற்றம். பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவின் கோழி எங்காவது மறைவில் முட்டையிட்டிருக்கும் என்று இரண்டு பெண்களும் கொட்டகை, கூரையிடுக்கு, விறகுக் குவியல் எல்லாம் தேடினார்கள். பார்வதம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட.

"எங்கூட்டுக் கோழி உன் வூட்ல வந்து இடுமா பியூலா? அதுக்கு இன்னா தலையெழுத்து?"

ஒரு வாரம் போன பிறகுதான் பியூலா கவனித்தாள். நாற்றம் பதினொரு மணிக்குமேல் வருகிறது, மூன்று மணிக்குக் குறைகிறது, மேகம் போட்ட நாளில் வருவதே இல்லை. மிஷினை விட்டு எழுந்துபோய் அலமாரியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. நாள் முழுக்க அவள் உட்கார்ந்து தைக்கிற நாற்காலிக்கும் அந்த அலமாரிக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி சொன்னாள். "இன்னாங்க, மத்தியானத்துல அந்த அலமாரியாண்ட நாத்தம் வருதுங்க. சுடவும் செய்யுது."

ஏனோக் எழுந்துபோய் அலமாரியை முகர்ந்தார். ராத்திரி எட்டு மணிக்கு மத்தியான நாற்றம் எங்கிருந்து வரும்? தவிரவும், சைனைட் மண் தூசிக்காக அவர் முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க் அப்படியே இருந்தது.

"ஒண்ணும் வர்லியே. சாக்கடையா இருக்கும். நீ மொதல்ல மாஸ்க் போடு. எத்தினி தடவ சொல்றது?"

இரண்டாம் முறை, தலைவலியும் வருகிறது என்று சேர்த்துச் சொன்னாள். தையல் மிஷினில் உட்காரும் முறை சரியில்லாததால்தான் தலைவலி வருகிறது, தலைவலி வந்தால் மூக்கில் இல்லாத நாற்றமெல்லாம் அடிக்கும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் போனில் யாருக்கோ கேஸ் சிலிண்டர் பத்திரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார். அவள் இருந்தாள். அவர் பேசி முடிக்கவில்லை. அவள் தூங்கிப்போனாள்.

வீட்டுக்குள் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொன்னால் ஆபத்தைப் பற்றியே ஒரு பிரசங்கம் பதிலாக வருகிறது என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? பியூலா சனிக்கிழமை காலை விநாயக்குக்குப் போன் போட்டாள்.

"அலமாரிலயா?" விநாயக்கின் குரல் ஏறிவிட்டது. "பூட்டியா? மேடம், சார்ஜ் ஏறும்போது பேட்டரிலேந்து கேஸ் வரும். காத்து போற எடத்துல இருந்தா அது பாட்டுக்குப் போயிடும். அடச்சி வெச்சா உள்ளயே சேரும். ஒரு தீப்பொறி போதும் மேடம், வெடிச்சிடும். ஆசிட் வேற உள்ள இருக்கு. நான் சார்கிட்ட அன்னைக்கே போன்ல சொன்னேனே!"

"அவுரு கிட்ட சொல்றதுக்கு ஆளுங்க கீறாங்களா தம்பி? அவுருதான் எல்லாருக்கும் சொல்லிகினு கீறாரு."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். வெளிச்சுவத்துல இருக்கற சோலார் ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுங்க. அலமாரிகிட்ட தீக்குச்சி, விளக்கு எதுவும் வேணாம். அந்த ரூம்ல எந்த ஸ்விட்சயும் தொடாதீங்க. ஜன்னலத் தொறந்து வைங்க."

அவள் வெளியே போய் ஸ்விட்சை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்து விறகு வைத்துச் சமைத்தாள். ராத்திரி வந்த ஏனோக் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். "வெரி குட். வெளிய சமைக்கிறதுதான் சேஃப். இப்பதான் உனக்கு அறிவு வந்துகினு கீது." பிறகு உள்ளே போய் ஜன்னலை மூடினார், தூசிக்காக. வெளியே போய் ஸ்விட்சைப் போட்டார், மறுநாளுக்காக. நாலாம் முறையாகச் சொன்னாள். விநாயக் சொன்னதை வார்த்தை விடாமல் சொன்னாள்.

ஏனோக் பொறுமையாகக் கேட்டார். "விநாயக் யாரு? மாட்டறவன். மாட்டறது வேற, சேஃப்டி வேற. ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்டு."

மறுநாள் என்ன என்று கேட்கிறீர்களா? மறுநாள்தான் ஏனோக்கின் வாழ்நாள் கனவு நிறைவேறும் நாள். அந்த லைனில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சோலார் போட நினைத்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு கூட்டம் போட்டார் ஏனோக். தலைப்பு: 'வீட்டில் பாதுகாப்பாக பேட்டரி சார்ஜ் செய்வது எப்படி?' பேச்சாளர்: ஏனோக். இடம்: ஏனோக் வீட்டு முன்னறை. நேரம்: ஞாயிறு ஆராதனை முடிந்து, நண்பகல் பன்னிரண்டு. பேனர்கூட அடித்துவிட்டார். பேட்டரி நிரம்பி வழியும் நேரம் அது என்பதால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். நூறு சதவீதத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டுமே.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அந்தச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தவர்கள் பதினேழு பேர். ஏனோக் எண்ணினார், எண்ணாமல் எதையும் தொடங்கமாட்டார். மாவுக்கட்டுப் போட்ட ஜெயகரன், சொன்னேனா இல்லியா என்று கேட்கப்பட்ட அதே ஜெயகரன், கக்கத்தில் கட்டையோடு கதவோரம். சபை மூப்பர் பர்னபாஸ் ஜெபத்துக்கு. பார்வதம்மா, நிகழ்ச்சி என்றால் விளக்கேற்ற வேண்டுமல்லவா என்று வீட்டிலிருந்து குத்துவிளக்கைத் துலக்கித் திரியும் எண்ணெயும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எந்த விழா என்றாலும் அந்த லைனில் அதுதான் வழக்கம்: ஜெபம் ஒன்று, விளக்கு ஒன்று, யாருக்கும் குறை இல்லை.

விளக்கை எங்கே வைப்பது? அறையில் மேஜை கிடையாது. ஏனோக் சுற்றும்முற்றும் பார்த்தார். இடுப்புயரத்தில், கதவு பூட்டி, மேலே மட்டமாக, மேடை மாதிரி நின்றுகொண்டிருந்தது அலமாரி.

"இதும்மேல வைங்க. கீழ வெச்சா யாராவது கால்ல இடிச்சிப்பாங்க. இதான் சேஃப்."

அலமாரியைச் சுற்றி அந்த நாற்றம், கெட்டியாக. எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். பியூலா ஏனோக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாங்க, வௌக்க வாசல்ல வெச்சிக்கலாங்க. தயவுசெஞ்சி."

"ஜெபம் ஆரம்பிக்குது. கண்ண மூடு."

பர்னபாஸின் ஜெபம் நீளமானது என்று ஊருக்கே தெரியும். உலகத்தை உண்டாக்கியதில் தொடங்கி, பெங்களூருக்கு ரயிலில் போகிற பிள்ளைகள்வரை ஒவ்வொருவராக ஆசீர்வதித்துக்கொண்டு வருவார். வழக்கமாக அலுத்துப்போகும் பியூலா, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஜெபம் முடியவே கூடாது என்று ஜெபித்தாள். கண்ணை மூடவில்லை. பார்வதம்மாவின் கையில் தீப்பெட்டி இருந்தது. விரல்கள் பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியை எடுத்து, ஆமென் சொன்னதும் உரசத் தயாராக வைத்துக்கொண்டிருந்தன. கத்தலாமா? பதினேழு பேருக்கு முன்னால், அவர் பேனருக்குக் கீழே, "இது வெடிக்கும்" என்று கத்தினால் முதலில் என்ன நடக்கும்? அவர் விளக்கம் சொல்லத் தொடங்குவார். அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்வதம்மா குச்சியை உரசிவிடுவாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு விசில் தொங்கியது. கீழே ஒரு அட்டை: 'அவசரத்துக்கு மட்டும்.' ஏனோக் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லைனுக்கே ஒத்திகை நடத்துவார். நீளமாக மூன்று விசில் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கேள்வி கேட்காமல், தெருமுனைத் தண்ணீர்க் குழாய்க்கு ஓட வேண்டும். ஜனங்கள் ஓடுவார்கள். பயத்தினால் இல்லை. ஓடாதவர் வீட்டுக்கு அன்று சாயங்காலம் அவர் வருவார், உட்காருவார், ஏன் ஓட வேண்டும் என்று விளக்குவார். அதற்கு ஓடிவிடுவதே மேல் என்று எல்லாரும் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

"...என்றென்றைக்கும் ஆமென்" என்றார் பர்னபாஸ்.

பியூலா விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினாள்.

அந்த லைனின் சரித்திரத்தில் அப்படி ஒரு ஓட்டம் நடந்ததில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பர்னபாஸ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பார்வதம்மா தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஜெயகரன் ஒரு காலும் ஒரு கட்டையுமாகக் குழாய்க்கு மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தார். ஏனோக் கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி, முகமெல்லாம் மலர்ந்து, ஆள் ஆளாக எண்ணிக்கொண்டே கடைசியாக ஓடினார்.

பியூலா மட்டும் உள்ளே நின்றாள். விளக்கை எடுத்து வாசலில் வைத்தாள், தீப்பெட்டியைத் தெருவில் எறிந்தாள், கதவுகளையும் ஜன்னல்களையும் சுவர் அதிர விரியத் திறந்தாள், சுற்றிப் போய் வெளிச்சுவரில் சோலார் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பும்போது எதிரே ஏனோக் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஐம்பத்தஞ்சி செகண்டு! பிரமாதம்! ஆனா பியூலா, குழாயாண்ட வராத ஒரே ஆளு நீதான்."

அவள் அவரைப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

அந்த நேரத்துக்கு விநாயக்கின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வாசலிலேயே மூக்கைப் பிடித்தார். "ஸ்வல்ப தள்ளி நில்லுங்க சார். யாரும் உள்ள போகாதீங்க. சாவி எங்க?" காற்று நன்றாகப் புகுந்து வெளியேறட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்தார். பிறகு கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போய்ப் பூட்டைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு ஏனோக்கையும் பியூலாவையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேட்டரிகளும் பக்கவாட்டில் உப்பி, வயிறு முட்டச் சாப்பிட்டவர்களைப் போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. மூடிகளின்மேல் டேப்.

"யாரு இதுக்கு டேப் சுத்தினது?"

ஏனோக் மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கன்ட்ரோலர்ல நம்பர யாரு ஏத்தினது?"

விநாயக் குனிந்து பேட்டரிகளுக்குப் பின்னாலிருந்து பளபளப்பான ஒரு அட்டையை உருவினார். லேமினேட் செய்த கையேடு. பியூலா வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கம், முதல் வரி: காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். இரண்டாம் வரி: மூடிகளை அடைக்கக் கூடாது. மூன்றாம் வரி: அருகில் தீ கூடாது. துளிகூடக் கசங்காமல், தூசி படாமல், மிகப் பத்திரமாக இருந்தது.

"வௌக்கு ஏத்தியிருந்தா?" என்று கேட்டார் ஏனோக். குரல் கீழே போயிருந்தது.

விநாயக் கூரையைப் பார்த்தார், வாசலில் கிடந்த பதினேழு பேரின் செருப்புகளைப் பார்த்தார். "வேணாம் சார். அத எதுக்குப் பேசணும்."

ஏனோக் தையல் மிஷின் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளங்கையை நீட்டி அலமாரியைத் தொட்டார். மாஸ்க்கைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"நீ மூணு தரம் சொன்னே."

"நாலு" என்றாள் பியூலா.

இத்தோடு கதை முடிந்தது, மனுஷர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தோடு பழக்கம் போதாது. தெருமுனையில் குழாயைச் சுற்றிப் பதினேழு பேரும், என்னதான் நடந்தது என்று தெரியாமல், வெயிலில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஏனோக் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துபோனார். நடந்து போகப் போக முதுகு நிமிர்ந்தது. பத்தடி இருக்கும்போது கை உயர்ந்தது. பின்னாலேயே வந்த பியூலாவுக்கு, வரப்போவது என்ன என்று தெரிந்துவிட்டது.

"இப்ப நீங்க பாத்தது இன்னா தெரியுமா? டெமோ! பேட்டரிய எப்பிடி வெக்கக் கூடாதுன்னு வாயால சொன்னா யாருக்கும் ஏறாது. அதுக்குத்தான் செஞ்சே காட்டினேன்."

கைதட்டினார்கள். ஜெயகரன் கட்டையால் தரையைத் தட்டினார். பார்வதம்மா மட்டும், "மூணு வாரமாவா காட்டினீங்க?" என்று கேட்டாள். "மூணு வாரமா என் கோழிய இல்ல சந்தேகப்பட்டாங்க?"

ஏனோக் ஒரு நிமிஷம் தடுமாறினார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பியூலாவைப் பார்த்தார். அவள் கையில் கையேட்டை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அவர் வாயிலிருந்து பியூலா இதுவரை கேட்டிராத ஒரு வாக்கியம் வந்தது.

"டெமோ இல்ல. எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சிது, நான் கேக்கல."

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் விநாயக் பேசினார், பதினைந்து நிமிஷம்தான். கொட்டகையில், மேலேயும் கீழேயும் காற்று போகிற மாதிரி வைப்பது, நம்பரைப் பேட்டரிக்கு ஏற்றபடி வைப்பது, தண்ணீரை டிஸ்டில்டு வாட்டராக, அளவுக் கோட்டுக்கு மேல் போகாமல் ஊற்றுவது, உப்பிய பேட்டரியை ஒருபோதும் மறுபடி சார்ஜ் செய்யாமல் திருப்பிக் கொடுப்பது. எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஏனோக் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். மறுநாள் காலை ரயிலில், கதவருகே நின்றுகொண்டு, ஒரு பெட்டி முழுக்கக் காற்றோட்டம் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம். புதுப் பேட்டரிகள் கொட்டகைக்குப் போயின. அலமாரியில் பியூலாவின் துணிகள் திரும்பி வந்தன. அவள் சொல்வதை இப்போதெல்லாம் முதல் தடவையிலேயே கேட்கிறாரா என்றால், இல்லை, இரண்டாம் தடவையில் கேட்கிறார். இருபத்தாறு வருடத்துக்கு அது பெரிய முன்னேற்றம் என்கிறாள்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சரி. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எங்கே இருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில், மேலே ஒரு மேஜைவிரிப்புப் போட்டு, அதன்மேல் சாமி படமும் ஊதுபத்தி ஸ்டாண்டும் வைத்துத்தானே? கடைசியாகத் தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள்? தெரியாது. அதனாலென்ன, கேஸ் சிலிண்டர் பற்றியும் குழந்தைகள் போன் சார்ஜரைத் தொடுவது பற்றியும் வாரத்துக்கு மூன்று செய்தி எல்லாருக்கும் தவறாமல் அனுப்புகிறீர்களே! இதைப் படிக்கும்போதும், இதை யாருக்கு அனுப்பினால் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு பெயர் உங்கள் மனதில் வந்து நின்றிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, உள்ளே சமையல் செய்துகொண்டிருப்பவர் கொஞ்ச நாளாக என்னமோ நாற்றம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அது எங்கிருந்து வருகிறது என்று போய்க் கேளுங்கள். எத்தனையாவது தடவை என்றும் அவரே சொல்வார்.